அறக்கட்டளை நிதி ஏழையை எட்டும் வழி

மும்பை நகரின் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை அமைந்துள்ளது. அதைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் மக்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருப்பதைப் பல்லாண்டுகளாகக் காண முடிகிறது. பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து ஓரிரு நாள் இரயிலில் பயணம் செய்து வந்தவர்கள் அவர்கள். பொதுப் பிரிவில் சேரும் ஏழை நோயாளிகளிடம் அம்மருத்துவமனை வாங்கும் கட்டணம் மிகக் குறைவு. பலருக்கு ஏறத்தாழ இலவசமாகவே சிகிச்சை கிடைக்கிறது. ஆயினும், நோயைத் தீர்க்க ஆகும் செலவு வேறு. தீரும் வரை நோயாளி வெளியூரில் உயிர் வாழ ஆகும் செலவு வேறு. மூன்று மாதமோ ஆறு மாதமோ ஊரை விட்டு வந்திருக்கும் குடும்பத்திற்குத் தங்குமிடம், உணவு, வெளியில் வாங்க வேண்டிய மருந்து, உடன் வந்தவர் இழந்த கூலி என்று செலவு பல முகம் கொள்கிறது.

இம்மருத்துவமனையே ஒரு குடும்பத்தின் அறக்கட்டளை வழங்கிய நிதியில் எழுந்தது. அதன் வாயிலில் நிற்கும் ஏழைக்கு உதவும் நிதிகளுள் சிலவும் அதே குடும்பத்தின் அறக்கட்டளைகளிலிருந்து வருபவை. ஒரு குடும்பத்தின் செல்வம் எவ்வாறு பொதுச் சொத்தாகிறது, அது துன்பப்படுவோரை எவ்வழியில் சென்றடைகிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பவற்றை ஆராய்வதற்கு டாட்டா குடும்பத்தின் அறக்கட்டளைகள் தக்கதொரு சான்றாக அமைகின்றன. நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு அவற்றுக்கு உண்டு. அவற்றின் வெற்றிகளைப் போலவே அவற்றின் எல்லைகளும் தெளிவாகத் தெரிகின்றன.

மூன்று கொடைகள்

ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892ஆம் ஆண்டில் ஒரு நிலைநிதியை ஏற்படுத்தினார். வெளிநாடு சென்று உயர்கல்வி கற்க விரும்பும் இந்திய மாணவர்க்கு உதவுவதே அதன் நோக்கம். தொடக்கத்தில் பார்சி சமூகத்தினர்க்கு மட்டும் என்றிருந்த வரையறை இரண்டே ஆண்டுகளில் நீக்கப்பட்டது. முதன்முதலில் உதவி பெற்றவர்களுள் பெண் மருத்துவர்களும் இருந்தனர் என்பது அக்காலச் சூழலில் வியப்பளிக்கும் செய்தியாகும். இந்நிதியின் சிறப்பு, அது இனாமாகத் தரப்படவில்லை என்பதே. மாணவர் பெறுவது கடன். கற்றுத் திரும்பிப் பொருளீட்டத் தொடங்கியபின் அவர் அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். திரும்பி வரும் தொகை அடுத்த மாணவருக்குச் செல்லும். உதவி பெறுபவர் எவருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, நிதியும் கரைந்துவிடுவதில்லை. திருவாங்கூரில் உழவூர் என்னும் சிற்றூரில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகத்தின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்த கே.ஆர். நாராயணன், 1945இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றது இந்நிதியின் துணையால்தான். 1997 முதல் 2002 வரை அவர் குடியரசுத் தலைவராக விளங்கினார்.

ஜாம்ஷெட்ஜி 1904இல் மறைந்தார். அவருடைய இரு மைந்தர்களான தோராப்ஜி, ரத்தன் ஆகிய இருவருக்குமே பிள்ளைப்பேறு இல்லை. இளையவரான சர் ரத்தன் டாட்டா வாழ்ந்த காலத்திலேயே கொடையாளராகப் பெயர் பெற்றவர். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய அறப்போருக்கு 1909இல் 25,000 ரூபாய் அனுப்பினார். பின்னர் அளித்தவற்றையும் சேர்த்து அவர் தந்த தொகை 1,25,000 ரூபாய். பாடலிபுத்திர அகழாய்வுக்கும் பொருள் தந்தார். 1918இல் அவர் மறைந்தபின், அவருடைய உயிலின்படி, 1919இல் ஏறத்தாழ 80 இலட்ச ரூபாய் மூலநிதியுடன் சர் ரத்தன் டாட்டா அறக்கட்டளை தோன்றியது.

மூத்தவரான சர் தோராப்ஜியின் வரலாறு உள்ளத்தை உருக்குவது. அவருடைய மனைவி மெஹர்பாய் 1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், அந்நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கென மனைவியின் பெயரால் ஓர் அறக்கட்டளையை அவர் நிறுவினார். அதன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு எந்நாட்டவராயினும் இரத்தப் புற்றுநோயை ஆராய்வோர்க்கு. எஞ்சிய ஒரு பங்கு இந்தியாவில் நோய்த் துயர் தணிக்கும் ஆராய்ச்சிக்கு. ஏழை நாட்டின் பணத்தை வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவதா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் நோய்க்கு மருந்து காணப்பட்டால் அது எந்நாட்டு நோயாளிக்கும் பயன்படும் என்ற எண்ணம் அக்கொடையின் அடியில் இருந்தது. அதே ஆண்டில் தம்முடைய எஞ்சிய செல்வம் முழுவதையும் மற்றொரு அறக்கட்டளைக்கு அவர் எழுதி வைத்தார். அதுவே சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை. மனைவியின் கல்லறையைக் காண இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில், 1932 ஜூன் 3ஆம் நாள், ஜெர்மனியில் அவர் உயிர் நீத்தார். மெஹர்பாய் அணிந்திருந்த 245 காரட் ஜூபிலி வைரமும் அறக்கட்டளைக்கே சேர்ந்தது. கோஹினூர் வைரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல் எடையுடைய அவ்வைரம், 1924இல் உருக்காலை நெருக்கடிக்குள்ளானபோது வங்கியில் அடகு வைக்கப்பட்டு மீட்கப்பட்ட ஒன்று. அது விற்கப்பட்டு அதன் விலையும் மூலநிதியில் சேர்க்கப்பட்டது.

இங்கே இன்னொரு செய்தியையும் குறிப்பிடலாம். சர் ரத்தனின் துணைவியார் நவாஜ்பாய், கணவர் மறைவுக்குப் பின் தத்தெடுத்துக்கொண்ட நேவல் டாட்டா, பார்சி அனாதை இல்லம் ஒன்றில் வளர்ந்து வந்த சிறுவர். புற்றுநோய்த் தடுப்புக்கென 1951இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் தொடங்கப்பட்டபோது டாக்டர் ஜுஸ்ஸாவாலாவுடன் துணை நின்றவர் அவரே. பிற்காலத்தில் அறக்கட்டளைகளின் தலைவராக இருந்து 2024இல் மறைந்த ரத்தன் டாட்டா அவருடைய மைந்தர்.

சாசனத்தின் சொற்கள்

தமிழில் அறக்கட்டளை என்னும் சொல் பொருள் பொதிந்தது. கோயில்களில் கட்டளை ஏற்படுத்துவோர், இன்ன நாளில் இன்ன பூசைக்கு இவ்வளவு நெய், இத்தனை பேருக்கு அன்னம் என்று வரையறுத்தே எழுதி வைப்பது வழக்கம். அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. பின்வருவோர் நிதியை வேறு வழியில் திருப்பிவிட இயலாது. ஆனால் காலம் மாறித் தேவையும் மாறும்போது, எழுதிய சொற்களே தளையாகவும் ஆகிவிடும். வழிப்போக்கர் நடந்து செல்லாத சாலையிலும் தண்ணீர்ப் பந்தலுக்கு எழுதிய நிதி தண்ணீர்ப் பந்தலுக்கே உரியது.

டாட்டா சகோதரர்களின் சாசனங்கள் இவ்வகையில் வேறுபட்டவை. கல்வி வளர்ச்சி, மனிதத் துயர் தணித்தல், பொதுநலப் பணிகள் என்று நோக்கங்கள் விரிவாகவே சொல்லப்பட்டன. இடம், இனம், சமயம் என்ற வேறுபாடின்றி உதவ வேண்டும் என்று தோராப்ஜி வகுத்தார். சர் ரத்தனோ, நன்கு ஆராய்ந்து வகுக்கப்படாத எந்தத் திட்டத்திற்கும் பணம் தரலாகாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தார். ஆக, எதற்குத் தருவது என்பதை முடிவு செய்யும் உரிமை அந்தந்தக் காலத்து அறங்காவலர்க்கு விடப்பட்டது. எப்படித் தருவது என்பதில் மட்டும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1930களில் புற்றுநோய் மருத்துவமனைக்கும், 1940களில் அணுவியல் ஆராய்ச்சிக்கும், அண்மைக் காலத்தில் மலைக் கிராமங்களின் குடிநீருக்கும் ஒரே சாசனங்களின் கீழ் நிதி வழங்க முடிந்தது இந்தத் தாராளத்தினால்தான்.

நிதி எங்கிருந்து வருகிறது என்பதும் அறியத்தக்கது. டாட்டா குழுமத்தின் தலைமை நிறுவனமான டாட்டா சன்ஸின் பங்குகளில் ஏறத்தாழ 66 விழுக்காடு குடும்ப அறக்கட்டளைகளிடம் உள்ளது. அப்பங்குகளின் இலாப ஈவே அறக்கட்டளைகளுக்கு முதன்மையான வருவாய். தொழில் தளர்ந்தால் ஈவும் தளரும். கொடுக்கும் கையும் சுருங்கும். பொது அறக்கட்டளைகளின் கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டு, மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறநிலைய ஆணையரிடம் அளிக்கப்பட வேண்டும். வருமான வரியிலிருந்து விலக்குப் பெற வேண்டுமாயின் ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டையேனும் அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. பொருளைப் பூட்டி வைத்துக்கொண்டு அறம் செய்வதாகப் பெயர் பண்ணுவதற்குச் சட்டம் இடம் தருவதில்லை.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதனையும் குடும்ப அறக்கட்டளையையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. நிறுவனத்தின் கடமை ஆண்டுக் கணக்கோடு பிணைந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டிய அவசரம் அதற்கு உண்டு. அறக்கட்டளைக்கும் ஆண்டு வரம்பு உண்டெனினும், விதிகளுக்குட்பட்டு நிதியைச் சேர்த்து வைத்துப் பத்தாண்டுப் பணியொன்றை மேற்கொள்ள அதனால் இயலும்.

காரணத்தைத் தேடிய கொடை

பசித்தவனுக்குச் சோறிடுவது ஒரு வகை அறம். அவன் ஏன் பசித்திருக்கிறான் என்று கேட்பது மற்றொரு வகை. சர் ரத்தன் இரண்டாவது கேள்விக்கும் பொருள் தந்தார். வறுமையின் காரணங்களையும் அதனைத் தடுக்கும் முறைகளையும் ஆராய்வதற்கென 1912இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஒரு துறை ஏற்படுவதற்கு அவர் நிதி வழங்கினார். புகழ்பெற்ற பொருளியல் வரலாற்றறிஞர் ஆர்.எச். டானி அத்துறையின் முதல் இயக்குநரானார். வறுமை என்பது தனிமனிதனின் சோம்பலால் வருவது என்று பலர் நம்பிய காலத்தில், கூலி, வேலை நேரம், வேலை நிலைப்பாடு ஆகியவற்றில் அதன் வேர் உள்ளது என்பதை டானி வலியுறுத்தினார்.

இவ்வெண்ணம் பம்பாயிலும் பலன் தந்தது. நாக்பாடா பகுதியின் சேரி மக்களிடையே பணியாற்றி வந்த அமெரிக்கரான கிளிஃபோர்டு மான்ஷார்டு, சமூகப் பணிக்கு நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை உணர்ந்தவர். தோராப்ஜி அறக்கட்டளையின் நிதியால் 1936இல் சமூகப் பணிக்கான கல்லூரி ஒன்று அவரை இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்துறையில் தோன்றிய முதல் கல்வி நிலையம் அதுவே. 1944 முதல் அது டாட்டா சமூக அறிவியல் கழகம் என்று வழங்கலாயிற்று. அதற்கும் மருத்துவமனை வாயிலில் நிற்கும் நோயாளிக்கும் உள்ள தொடர்பு பின்னர் விளங்கும்.

புற்றுநோய் மருத்துவமனை 1941 பிப்ரவரி 28ஆம் நாள் 80 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. மனைவிக்கு வெளிநாட்டில் கிடைத்த கதிர்வீச்சுச் சிகிச்சை இந்திய மக்களுக்கு உள்நாட்டிலேயே கிடைக்க வேண்டும் என்ற தோராப்ஜியின் விருப்பம் அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது. 1944 மார்ச்சில் ஹோமி பாபா எழுதிய கடிதத்தை ஏற்று அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திற்கும் இதே அறக்கட்டளை நிதியளித்தது. 1945இல் அது பணி தொடங்கியது.

இந்நிறுவனங்களின் பிற்கால வரலாறு கூர்ந்து நோக்கத்தக்கது. மருத்துவமனையின் செலவு ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது. புதிய கருவிகள், மருந்துகள், ஊழியர் ஊதியம் ஆகியவற்றை ஓர் அறக்கட்டளையின் வருவாயால் என்றென்றும் தாங்க இயலாது. 1957இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதன் பொறுப்பை ஏற்றது; 1962இல் அது அணுசக்தித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டடத்தையும் கருவிகளையும் வாங்கிக் கொடுப்பது கொடையாளரால் ஆகும். நாள்தோறும் வரும் நோயாளிக்குத் தலைமுறை தலைமுறையாகச் சிகிச்சையளிப்பது வரிப்பணத்தால்தான் ஆகும். தொடங்கி வைத்து, நிலைபெறச் செய்து, உரிய காலத்தில் அரசிடம் ஒப்படைத்ததைத் தோல்வி என்று கொள்ளலாகாது. குடும்பப் பெயர் பொறித்த நிறுவனத்தைக் கைவிட மனமின்றி, நிதியின்றி நலிய விட்ட கொடையாளர் நம் நாட்டில் பலர் உண்டு.

படிவமும் நோயாளியும்

நிறுவனங்களுக்குத் தரும் நிதி ஒருபுறமிருக்க, தனிமனிதர்க்கு நேரடியாக வழங்கும் உதவியும் இவ்வகை அறக்கட்டளைகளின் பழைமையான பணியாகும். பெரும்பாலும் அது மருத்துவச் செலவுக்கோ கல்விச் செலவுக்கோ அளிக்கப்படுகிறது. அதன் நடைமுறை வெளியிலிருந்து பார்ப்போர்க்கு எளிதாகத் தோன்றும்.

உதாரணமாக, வட பீகாரைச் சேர்ந்த விவசாயக் கூலி ஒருவரின் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் நோயை உறுதிப்படுத்திச் சிகிச்சைக்கு ஆகும் தொகையை மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். தந்தை தம் வருமானத்திற்கும் இருப்பிடத்திற்கும் சான்று காட்ட வேண்டும். ரேஷன் அட்டை, அடையாள அட்டை, வங்கிக் கணக்கின் நகல் ஆகியவை இணைக்கப்பட வேண்டும். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு உதவி அனுமதிக்கப்பட்டால், தொகை பொதுவாக மருத்துவமனைக்கே அனுப்பப்படும். நோயாளியின் கையில் தரப்படுவதில்லை. மோசடியைத் தவிர்க்கவும், பணம் சிகிச்சைக்கே செலவாவதை உறுதி செய்யவும் ஏற்பட்ட விதி இது.

விதி நியாயமானதே. ஆனால் அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் பணம் மருத்துவமனைப் பட்டியலில் உள்ள இனங்களுக்கு மட்டுமே உதவும். பையனுக்குப் பால் வாங்குவதற்கும், தாயும் தந்தையும் இரவில் படுப்பதற்கு இடம் பிடிப்பதற்கும் பட்டியலில் வரி இல்லை. ஊரில் அறுவடைக் காலத்தில் கிடைக்க வேண்டிய கூலி போய்விட்டது. ஆட்டையும் மாட்டையும் விற்றாயிற்று. ஐந்து வட்டிக்கோ பத்து வட்டிக்கோ கடன் வாங்கியாயிற்று. சிகிச்சை இலவசமாகக் கிடைத்தும் பாதியில் ஊர் திரும்பிவிடும் நோயாளிகள் உண்டு. நோய் குணமாகும் நிலையில் உள்ள குழந்தை, இரயில் கட்டணமும் அறை வாடகையும் இன்மையால் சிகிச்சையை இழப்பது மிகக் கொடிய இழப்பு. தாதரில் காட்கே மகராஜ் பெயரால் இயங்கும் தருமசாலை போன்ற இடங்கள் புற்றுநோயாளிகளுக்கும் உடன் வந்தோர்க்கும் தங்குமிடம் தருகின்றன. சத்திரம் கட்டிய முன்னோரின் அறத்தைப் பழைய காலத்து வழக்கமென்று தள்ளிவிட முடியாது. இன்றும் பெருநகர மருத்துவமனையொன்றின் அருகே சத்திரம் இருப்பது மருந்துக்கு இணையான உதவியாகும்.

இரண்டாவது தடை, தெரியாமை. உதவி கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்க்கும் படிவம் ஆங்கிலத்திலோ பழகாத நடையிலோ இருக்கும். மைதிலி மட்டுமே பேசத் தெரிந்த தாய் மும்பை அலுவலகமொன்றில் எவரிடம் என்ன கேட்பாள்? விண்ணப்பிக்கத் தெரிந்தவனே உதவி பெறுகிறான். மிகவும் நலிந்தவன் விண்ணப்பிக்கவே வருவதில்லை. வந்து சேர்ந்த விண்ணப்பங்களை மட்டும் நேர்மையாகப் பரிசீலித்து மன நிறைவு அடையும் அறக்கட்டளை, வராத விண்ணப்பங்களைப் பற்றி எண்ணுவதில்லை.

இங்கேதான் 1936இல் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரியின் பயன் வெளிப்படுகிறது. பம்பாயில் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்னும் வணிகப் பெருமகன் நிதியளித்ததால் 1845இல் திறக்கப்பட்ட ஜே.ஜே. மருத்துவமனையில், 1946ஆம் ஆண்டு மருத்துவச் சமூகப் பணியாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். இந்தியாவில் அத்தகைய முதல் நியமனம் அது. இன்று பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் மருத்துவச் சமூகப் பணியாளர்கள் உள்ளனர். நோயாளியின் குடும்ப நிலையை விசாரித்து அறிவது, படிவத்தை நிரப்பித் தருவது, எந்த நிதிக்கு எழுதினால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிடுவது ஆகியவை அவர்களுடைய அன்றாடப் பணி. ஒரு சிகிச்சைக்கு ஐந்து இலட்ச ரூபாய் தேவையெனில் அதை ஒரே இடத்தில் பெறுவது அரிது. அரசின் காப்பீடு ஒரு பங்கு, முதலமைச்சர் நிவாரண நிதி அல்லது பிரதமர் தேசிய நிவாரண நிதி ஒரு பங்கு, இரண்டு மூன்று அறக்கட்டளைகளின் உதவி ஒரு பங்கு என்று துண்டு துண்டாகச் சேர்த்தே தொகையை நிறைவு செய்கின்றனர். ஒரு துண்டு தாமதித்தாலும் மற்றவை பயனற்றுப் போகக்கூடும். நோய் அறங்காவலர் கூட்டம் நடக்கும் நாள் வரை காத்திருப்பதில்லை. ஆகவே அறக்கட்டளை வழங்கும் தொகையின் அளவைப் போலவே, எத்தனை நாளில் வழங்குகிறது என்பதும் நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. இதனால் அறக்கட்டளைகளின் பளு ஓரளவு குறைந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும் மருத்துவமனையில் சேராமல் வெளிநோயாளியாகப் பெறும் தொடர் சிகிச்சை, பரிசோதனைகள், பயணம் முதலியவற்றில் பெரும்பகுதி குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. அரசு ஒரு செலவை ஏற்கும்போது, அறக்கட்டளை அதே செலவுக்கு மீண்டும் பணம் ஒதுக்குவதை விட்டு, அரசு விதிகள் எட்டாத மூலைகளுக்கு நகர்வதே முறை. சாசனத்தின் தாராளம் அதற்கு இடம் தருகிறது. அலுவலகப் பழக்கம் பல சமயம் இடம் தருவதில்லை.

கிராமங்களில்

தனிமனிதர்க்கன்றித் தொண்டு நிறுவனங்களின் வழியாகக் கிராமங்களுக்கு நிதி வழங்குவதும் உண்டு. மலைச்சரிவில் ஊற்று நீரைக் குழாயில் கொண்டு வந்து சேர்த்தால், நாள்தோறும் குடம் சுமந்து மலையேறும் பெண்களின் நேரமும் உடலும் மிஞ்சுகின்றன. சர் ரத்தன் டாட்டா அறக்கட்டளை 2001 முதல் உத்தராகண்டத்தில் இத்தகைய பணிகளுக்கு உதவி வந்துள்ளது. இவ்வகை மானியங்கள் பெரும்பாலும் சில ஆண்டுக் கால அளவுடையவை. குழாய் போடுவதற்குப் பணம் உண்டு. ஆறு ஆண்டு கழித்து உடைந்த குழாயை மாற்றுவதற்கு எவரும் பொறுப்பில்லை என்ற நிலை நேர்ந்தால், செலவழித்த பணம் மண்ணில் போட்டதாகும். ஆகவே பயனாளர் குழுவை அமைத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் சிறு தொகை திரட்டிப் பராமரிப்பு நிதி சேர்க்கும்படி செய்வது இன்று வழக்கமாகி வருகிறது. கொடுப்பவர் விலகும் நாளைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டு இறங்கும் பணிகளே பின்னாளில் நின்று நிலைக்கின்றன.

தொலைவைக் குறைத்தல்

பரேல் நடைபாதைக்குத் திரும்புவோம். அங்குள்ளவர்க்கு எத்தனை சத்திரம் கட்டினாலும் இடம் போதாது. ஏனெனில் துன்பத்தின் வேர் பரேலில் இல்லை. சிகிச்சை ஓரிடத்திலும் நோயாளி ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் இருப்பதே வேர். வடகிழக்கு மாநிலங்களில் புற்றுநோய் பாதிப்பு நாட்டின் பிற பகுதிகளைவிட மிகுதி. புகையிலையும் பாக்கும் அங்கு மிகுதியாகப் பழகியிருப்பது அதற்கு முக்கியக் காரணம். அங்கிருந்து மும்பைக்கு இரயிலில் வர மூன்று நாளாகும். நோய் முற்றிய பின்னரே பலர் புறப்படுகின்றனர்.

இந்நிலையில் அஸ்ஸாம் அரசும் டாட்டா அறக்கட்டளைகளும் கூட்டாக ஓர் அமைப்பை ஏற்படுத்தி, மாநிலம் முழுவதும் படிப்படியான சிகிச்சை மையங்களை நிறுவ முற்பட்டன. கவுகாத்தியில் உயர்நிலை மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி அடுத்த நிலை மருத்துவமனைகள். மாவட்டங்களில் நோயறிதலுக்கும் பகல்நேர மருந்துச் சிகிச்சைக்குமான மையங்கள் என்பது அதன் அமைப்பு. திப்ருகர், கோக்ராஜார், பார்பேட்டா, தரங், தேஜ்பூர், லக்கிம்பூர், ஜோர்ஹாட் ஆகிய ஏழு இடங்களில் அமைந்த மருத்துவமனைகள் 2022 ஏப்ரல் 28ஆம் நாள் பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. மேலும் ஏழு இடங்களில் அன்றே அடிக்கல் நாட்டப்பட்டது.

இதனை 1941இன் மருத்துவமனையோடு ஒப்பிடலாம். அன்று அறக்கட்டளை தனியே கட்டி, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அரசிடம் சென்று சேர்ந்தது. இம்முறை முதல் நாளிலேயே மாநில அரசு பங்காளி; நிலமும் தொடர் செலவின் பொறுப்பும் அரசின் கணக்கில் இடம் பெற்றே பணி தொடங்கியது. மருத்துவர்களையும் செவிலியர்களையும் சிற்றூர்களில் தங்கிப் பணியாற்றச் செய்வதே இத்தகைய மையங்களின் கடினமான பகுதி. கருவியை விலைக்கு வாங்கலாம். அதை இயக்கத் தெரிந்தவர் மாவட்டத் தலைநகரில் குடியிருக்க இசைய வேண்டும். தொலைவிலுள்ள நிபுணர் காணொளி வழியே ஆலோசனை கூற, உள்ளூர் மருத்துவர் மருந்தேற்றும் முறை இதற்கு ஓரளவு துணை செய்கிறது. மும்பை டாட்டா நினைவு மையம் முன்னின்று நடத்தும் தேசியப் புற்றுநோய் இணையமும் ஒரே சீரான சிகிச்சை நெறிகளை நாடெங்குமுள்ள மருத்துவமனைகளுக்கு வகுத்துத் தருகிறது.

நோயாளியின் கணக்கில் இதன் பயனை அளந்து பார்க்கலாம். மூன்று வாரத்திற்கொருமுறை ஆறு தடவை மருந்தேற்றிக்கொள்ள வேண்டிய ஒருவர், முன்பு நான்கு மாதங்களுக்கு மேல் பெருநகரில் தங்க வேண்டும். உடன் ஒருவரும் தங்க வேண்டும். தம் மாவட்டத்திலேயே மருந்து கிடைத்தால் காலையில் பேருந்தில் சென்று மாலையில் வீடு திரும்பலாம். உடன் செல்பவருக்கு மாதத்தில் ஓரிரு நாள் கூலி மட்டுமே போகும். ஆட்டையும் மாட்டையும் விற்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்க வேண்டியதில்லை.